ஃபின்னி கவுண்டிக்குக் குடிவரும் நம்மவர்களுக்கு

"கார்டன் சிட்டியில் வேலை கிடைத்திருக்கிறது அக்கா, அங்கே நம்ம ஆட்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டு வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது எனக்குப் போன் செய்கிறார்கள். இருக்கிறோம், விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு: "அங்கே வீடு கிடைக்குமா?" இதைக் கேட்காமல் வந்து இறங்கி, இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஏழு வாரம் விடுதி அறையில் இருந்தோம். குளியலறை மேடையில் ரைஸ் குக்கரை வைத்துத்தான் மூன்று வேளைச் சமையலும். இன்னொரு குடும்பம் அப்படி அவதிப்படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேன்சஸ் மாநிலத்தின் தென்மேற்கில் இருக்கிறது ஃபின்னி கவுண்டி. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆட்கள் எண்ணிக்கையை அப்படி நினைத்துவிடாதீர்கள். 1,300 சதுர மைல் பரப்பு, மாநிலத்திலேயே இரண்டாவது பெரிய கவுண்டி. 2020 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 38,470 பேர். அதில் 28,151 பேர் தலைநகரான கார்டன் சிட்டிக்குள் இருக்கிறார்கள். மீதிப் பேர் பக்கத்து ஹோல்கமிலும், பண்ணை வீடுகளிலும். ஊரைத் தாண்டி ஐந்து நிமிடம் காரை ஓட்டினால் கண்ணுக்கு எட்டின வரைக்கும் வயல்தான்.

டல்லஸிலிருந்து வரும் சின்ன விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கீழே பாருங்கள். பச்சை வட்டம் வட்டமாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 125 ஏக்கர். நடுவில் ஒரு கிணறு, அதிலிருந்து கால் மைல் நீளத்துக்கு ஒரு குழாய், அதன் கீழ் சக்கரங்கள். அது மெல்லச் சுற்றிச் சுற்றிப் பாய்ச்சுகிறது. தண்ணீர் வருவது ஒகலாலா என்ற நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்து. வருடத்துக்கு சுமார் 19 அங்குலம்தான் மழை. அது இறைக்கிற தண்ணீரை ஈடுகட்டாது. கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போகின்றன. ஊருக்குத் தெற்கே ஆர்கன்சா ஆறு. இங்கே அதை 'ஆர்கேன்சஸ்' என்று அழுத்திச் சொல்வார்கள். பாலத்தில் நின்று பார்த்தால் பெரும்பாலான நாட்களில் மணல்தான் இருக்கும். நான் வாணியம்பாடிப் பக்கம் பிறந்தவள். முதல் தடவை அந்த மணலைப் பார்த்தபோது பாலாறு ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது.

கோதுமை, மக்காச்சோளம், அப்புறம் நம் சோளம். இங்கே அதற்கு 'மைலோ' என்று பெயர், அநேகமாக எல்லாம் மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. ஏனென்றால் இந்தக் கவுண்டியின் உயிர் மாட்டில் இருக்கிறது. சுற்றிலும் மாடு கொழுக்க வைக்கும் பெரிய பட்டிகள், 'ஃபீட்லாட்' என்பார்கள். 1980 டிசம்பரில் ஹோல்கம் அருகே ஐபிபி என்ற நிறுவனம் பெரிய மாட்டிறைச்சி ஆலையைத் திறந்தது. இப்போது டைசன் என்ற இறைச்சி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 6,000 மாடுகள். மாட்டைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமாக இருக்கும், மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. தென்காற்று அடிக்கும் நாளில் பட்டி வாசனை வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். 'பண வாசனை' என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். என் மாமியார் வந்திருந்தபோது ஒரு வாரம் சாப்பிடவே முடியாமல் தவித்தார். வீடு பார்க்கும்போது அது எந்தப் பட்டிக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள்.

ஆலையில் வேலை செய்யாத நமக்கு அதைப் பற்றி என்ன என்று தோன்றலாம். ஆனால் ஆலை நின்றால் ஊர் நிற்கும். 2000 கிறிஸ்துமஸ் அன்று கார்டன் சிட்டியில் இருந்த இன்னொரு இறைச்சி ஆலை எரிந்துபோனது. சுமார் 2,300 பேருக்கு வேலை போனது, அந்த ஆலை மறுபடி திறக்கவேயில்லை. 2019 ஆகஸ்ட் 9 அன்று டைசன் ஆலையில் தீப்பிடித்தது. அந்த முறை தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணி நேரச் சம்பளம் தருவதாக நிறுவனம் உறுதி சொன்னது, டிசம்பருக்குள் ஆலை திரும்ப ஓடத் தொடங்கியது. இப்போது பால் பவுடர் ஆலை, காற்றாலை, மருத்துவமனை, பள்ளிகள், சமூகக் கல்லூரி என்று வேலைகள் கொஞ்சம் பரவியிருக்கின்றன. வீடு வாங்கலாமா, வாடகைக்கே இருக்கலாமா என்று யோசிக்கும்போது இந்த இரண்டு தீயையும் மனதில் வையுங்கள்.

நம்மவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை வழியாக வருகிறவர்கள். ஜே-1 விசாவில் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சியை முடித்த மருத்துவர், தாய்நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து விலக்கு பெற, 'கான்ராட் 30' திட்டத்தில் மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருடம் முழுநேரம் வேலை செய்ய வேண்டும். ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 இடம். அதனால்தான் சென்னையிலும் மதுரையிலும் படித்தவர்கள் கேன்சஸ் வயல்வெளிக்கு வந்து சேர்கிறார்கள். "மூன்று வருடம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம்" என்று வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. எச்-4 விசாவில் கூட வரும் கணவனோ மனைவியோ வந்த உடனே வேலைக்குப் போக முடியாது. மூன்று வருடம் நான்கு சுவருக்குள் இருந்தால் யாராக இருந்தாலும் நொந்துபோவார்கள். ஆனால் படிக்கலாம். சமூகக் கல்லூரியில் வகுப்பு எடுங்கள், நூலகத்துக்குப் போங்கள், பள்ளியில் தன்னார்வலராகப் பேர் கொடுங்கள்.

அங்கே சந்திக்கப் போகிற மனிதர்கள் நீங்கள் படத்தில் பார்த்த அமெரிக்கக் கிராமத்தவர் மாதிரி இருக்க மாட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் 'ஹிஸ்பானிக்', அதாவது ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் பாதைக்கும் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வயலுக்கும் வந்த மெக்சிகோக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், போன மாதம் வந்தவர்களும் இருக்கிறார்கள். 1980-களில் ஆலை வேலைக்கு வியட்நாமியர் வந்தார்கள். பிறகு சோமாலியர், பர்மாக்காரர்கள். என் மகளின் வகுப்பில் பெற்றோர் கூட்டம் நடந்தால் நான்கு மொழிபெயர்ப்பாளர்கள் நிற்பார்கள். நம் பெயர் நீளமாக இருக்கிறது என்று இங்கே யாரும் முகம் சுளித்ததில்லை.

எல்லாமே இனிப்பு என்று சொல்லவில்லை. சோமாலியர் குடியிருந்த அடுக்குமாடி வளாகத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சதி செய்த மூன்று பேர் 2016 அக்டோபரில் பிடிபட்டார்கள். 2019 ஜனவரியில் அவர்களுக்கு 25 முதல் 30 வருடம் வரை சிறைத்தண்டனை கிடைத்தது. புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வருவதே நல்லது. எங்கள் அண்டை வீட்டுப் பாட்டி, கோதுமை விவசாயி குடும்பம், முதல் பனிக்காலத்தில் கதவைத் தட்டி, ஒரு பனி மண்வெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டையும் சேர்த்துத்தான் இந்த ஊரை நான் புரிந்துகொள்கிறேன்.

சரி, வீட்டுக்கு வருவோம். இங்கே வீட்டுத் தட்டுப்பாடு இன்று நேற்று வந்ததில்லை. 1980-ல் ஆலை திறந்து ஆட்கள் குவிந்தபோது தங்க இடமில்லாமல் 'மொபைல் ஹோம்', அதாவது தொழிற்சாலையில் செய்து இழுத்துவந்து நிறுத்தும் வீடுகளின் குடியிருப்புகள் முளைத்தன, அவை இன்னமும் இருக்கின்றன. புதிதாகக் கட்ட கொத்தனார், பிளம்பர் கிடைப்பது அரிது. நல்ல வாடகை வீடு விளம்பரத்துக்கு வருவதற்கு முன்னாலேயே வாய்வழியில் போய்விடும். அதனால் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே, "முதல் மூன்று மாதம் தங்க இடம் தருவீர்களா?" என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். ஆள் பிடிக்க அவர்கள் படும் பாட்டுக்கு, கேட்டால் பெரும்பாலும் ஏதாவது வழி செய்கிறார்கள்.

வாடகைக்குப் போனால் கேன்சஸ் சட்டம் உங்களுக்குத் துணை. சாமான் இல்லாத வீட்டுக்கு முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. சாமானோடு என்றால் ஒன்றரை மாதம். நாய் பூனை இருந்தால் இன்னும் அரை மாதம். குடிபுகுந்த ஐந்து நாளுக்குள் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து வீட்டின் நிலையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை. காலி செய்யும்போது, கார்ப்பெட்டில் நாங்கள் வருவதற்கு முன்பே இருந்த ஒரு கறையை மஞ்சள்தூள் கறை என்று சொல்லி முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். காட்ட எங்களிடம் ஒரு படமும் இல்லை, காகிதமும் இல்லை. சாமான் இறக்குவதற்கு முன்பே ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள்.

மொபைல் ஹோம் விலை மலிவாகத் தெரியும். ஆனால் நிலம் உங்களுடையது இல்லை, அதற்கு மாதாமாதம் தனி வாடகை. 'டொர்னாடோ' என்ற சுழல்காற்றுக்கு அது தாங்காது. சொந்தமாக வாங்குவதாக இருந்தால் நிலவறை உள்ள வீடாகப் பாருங்கள், ஏப்ரல், மே, ஜூனில் சைரன் ஊதினால் ஓடி இறங்க இடம் வேண்டும். கூரை எந்த வருடம் போட்டது என்று கேளுங்கள். இங்கே விழும் ஆலங்கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கும் இருக்கும். பல காப்பீட்டுப் பாலிசிகளில் காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு வீட்டு மதிப்பில் 1 அல்லது 2 சதவீதத்தை நீங்களே ஏற்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். ஊருக்கு வெளியே பண்ணை வீடு என்றால் கிணற்றுத் தண்ணீரை நைட்ரேட்டுக்குச் சோதித்துவிட்டு வாங்குங்கள். கழிவுநீர்த் தொட்டியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சொத்து வரி கணக்கு முதலில் தலைசுற்ற வைக்கும், உண்மையில் சுலபம். கவுண்டி போடும் சந்தை மதிப்பில் 11.5 சதவீதம்தான் வரிக்குரிய மதிப்பு. வரி விகிதம் 'மில்' என்ற அளவில் இருக்கும், ஒரு மில் என்றால் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். 2,50,000 டாலர் வீடு என்றால் வரிக்குரிய மதிப்பு 28,750. உதாரணத்துக்கு 150 மில் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 4,300 டாலர். டிசம்பர் 20-க்குள் பாதி, மே 10-க்குள் மீதி. காருக்கும் வருடாவருடம் இதே மாதிரி சொத்து வரி உண்டு, பதிவைப் புதுப்பிக்கும்போது கவுண்டி கருவூலத்தில் சேர்த்துக் கட்ட வேண்டும். வேறு மாநில ஓட்டுநர் உரிமத்தை 90 நாளுக்குள் மாற்றிவிடுங்கள்.

மளிகைக்கு வால்மார்ட், டில்லன்ஸ் இரண்டும் இருக்கின்றன. 2025 ஜனவரியிலிருந்து மளிகைச் சாமானுக்கு மாநில விற்பனை வரி கிடையாது, உள்ளூர் வரி மட்டும்தான். ஆனால் நம் நாக்குக்கு வேண்டியது மெக்சிகோக் கடையிலும் வியட்நாம் கடையிலும்தான் கிடைக்கும். கொத்தமல்லி, செரானோ பச்சை மிளகாய், கொம்போடு புளி. 'தமரிந்தோ' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வியட்நாம் கடையில் அரிசி, தேங்காய்ப் பால், உறைந்த வாழையிலை. உளுந்து, சாம்பார்ப் பொடி வாங்க மட்டும் விச்சிட்டாவுக்கோ டென்வருக்கோ போகும்போது மூட்டை கட்டிக்கொண்டு வருகிறோம்.

விச்சிட்டா மூன்றரை மணி நேரம். கோயிலும் அங்கேதான். டென்வர் ஐந்து மணி நேரத்துக்கு மேல். சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே ஓடும் ஆம்ட்ராக் ரயில் தினமும் இரு திசையிலும் ஒரு தடவை இங்கே நிற்கும். மேற்கே சிரக்யூஸ் பக்கம் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் கவுண்டியில் ஒரு மணி நேரம் பின்னால். என் கணவர் ஒரு நாள் காலை அங்கே ஒரு மணி நேரம் பூட்டிய கதவின் முன்னால் காத்திருந்தார்.

பனிப்புயலை லேசாக எடுக்காதீர்கள். 2017-ல் ஏப்ரல் முடிந்து மே பிறக்கும் நேரத்தில் அடித்த பனியில் இந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கான மாடுகள் செத்தன. வசந்தகாலத்தில்! காரில் போர்வை, தண்ணீர், டார்ச் எப்போதும் இருக்கட்டும்.

கடைசியாகக் கறிவேப்பிலை. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவர அனுமதி இல்லை, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். இங்கே எங்கள் நான்கு வீட்டிலும் தொட்டியில் செடி இருக்கிறது. அக்டோபர் முதல் வாரத்திலேயே உள்ளே எடுத்து, தெற்குப் பார்த்த ஜன்னலில் வைத்துவிடுகிறோம். ஒரு உறைபனி இரவு போதும், இலை மொத்தமும் கருகிவிடும். வீடு கிடைத்ததும் ஒரு தொட்டியும் மண்ணும் தயாராக வைத்துக்கொண்டு சொல்லுங்கள், என் செடியின் அடியிலிருந்து ஒரு கன்று பிரித்துத் தருகிறேன்.