டிப்ளோமாவுக்குப் பிறகு டிகிரி: சிட்னியில் முன்பள்ளி ஆசிரியர் பட்டம் படிக்க நினைப்பவர்களுக்கு

பென்டில் ஹில், துங்காபி, வென்ட்வேர்த்வில் பக்கத்துச் சைல்ட்கெயார் எதற்குள் போனாலும் நம்முடைய பெண்கள் ஒருவராவது இருப்பார்கள். பெரும்பாலும் சேர்டிபிகேட் திரீ முடித்தவர்கள், அல்லது டிப்ளோமாவோடு ரூம் லீடராக இருப்பவர்கள். அவர்களில் பலர் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "அக்கா, டிகிரி செய்யலாமா? செய்தால் பிரயோசனம் இருக்கா?" நான் ஊரில் நேர்சரி டீச்சராக இருந்துவிட்டு இங்கே வந்து அதே வழியால் ஏறியவள். இப்போது பிராக்டிக்கம் (பிராக்) என்ற செயல்முறைப் பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு மென்டராகவும் இருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிரயோசனம் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் சட்டம் மற்ற மாநிலங்களை விடக் கொஞ்சம் இறுக்கமானது. 30 முதல் 39 பிள்ளைகள் உள்ள நிலையத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர் வேண்டும். 40 முதல் 59 வரை என்றால் இரண்டு பேர், 60 முதல் 79 வரை மூன்று பேர், 80உம் அதற்கு மேலும் என்றால் நான்கு பேர். சிட்னியில் பெரிய நிலையங்கள் எத்தனை இருக்கின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆள் கிடைக்காமல் டைரக்டர்மார் அலைவதை நான் தினமும் பார்க்கிறேன். படித்துக்கொண்டிருக்கும்போதே சில நிபந்தனைகளோடு உங்களை ஆசிரியராகக் கணக்கில் எடுக்கவும் வழி இருக்கலாம். பட்டப்படிப்பில் சேர்ந்ததும் டைரக்டரிடம் இதைக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

எந்தப் பட்டம்?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பிறப்பு முதல் 5 வயது வரைக்கான பட்டம் ஒன்று, 8 வயது வரை ஒன்று, ஆரம்பப் பள்ளியையும் சேர்த்து 12 வயது வரை ஒன்று. "12 வரை படித்தால் பள்ளிக்கூடத்திலும் வேலை எடுக்கலாமே, விடுமுறையும் கிடைக்குமே" என்று வீட்டில் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் அந்தப் பட்டத்தில் கணிதம், ஆங்கிலம், விஞ்ஞானம், வரலாறு என்று ஆரம்பப் பள்ளிப் பாடத்திட்டம் முழுவதும் வரும். லான்டைட் என்ற எழுத்தறிவு, எண்ணறிவுப் பரீட்சை இரண்டும் எழுதித் தேற வேண்டும். பிராக்டிக்கத்தில் ஒரு பங்கு பள்ளிக்கூடத்தில் கழியும், அதற்கு வேலைத்தளத்தில் நீண்ட லீவு எடுக்க வேண்டும். சைல்ட்கெயாரிலேயே இருக்கப் போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் 5 வயது வரைக்கான பட்டத்தை எடுத்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். மதிப்புக் குறைவு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். நாளைக்கு ஏதாவதொரு வகுப்பறையில் நிற்க ஆசை இருக்கிறது என்றால் மட்டும் பெரியதை எடுங்கள்.

வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்குச் சாள்ஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி நல்ல வழி, டிப்ளோமாக்காரர்களை மனதில் வைத்தே அமைத்த 5 வயது வரைக்கான பட்டம் அங்கே இருக்கிறது. நேரில் போய்ப் படிக்க விரும்பினால் மக்குவாரியையும் வெஸ்டேர்ன் சிட்னியையும் பாருங்கள். எங்கே விண்ணப்பித்தாலும் மூன்று விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிப்ளோமாவுக்கு எத்தனை பாடம் கழியும்? சைல்ட்கெயார் தரத்தைப் பார்க்கும் தேசிய அமைப்பான அசெக்வாவின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் பட்டம் இருக்கிறதா? என் சொந்த வேலைத்தளத்தில் எத்தனை பிராக் நாள் செய்ய விடுவீர்கள்? போனில் ஒருவர் சொன்ன பதிலை நம்பிச் சேராதீர்கள். அசெக்வா பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது, ஐந்து நிமிட வேலை.

காசு

கல்வித்துறைப் படிப்புக்கு மாணவர் பங்கு மிகக் குறைந்த கட்டணப் பிரிவில் வருகிறது. அவுஸ்திரேலியக் குடியுரிமை இருந்தால் அந்தப் பங்கை ஹெக்ஸ் என்ற அரசாங்கக் கடனில் போட்டுவிட்டு, சம்பளம் ஓர் அளவைத் தாண்டிய பிறகு வரியோடு கட்டலாம். நிரந்தர வதிவிடம் மட்டும் இருந்தால் கவனம்: அதே குறைந்த கட்டணம்தான், ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கடன் கிடையாது. ஒவ்வொரு செமஸ்டரும் கையிலிருந்து கட்ட வேண்டும். மனிதாபிமான விசாவில் வந்து நிரந்தரமானவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு முழுக் கட்டணம். சிட்டிசன்ஷிப் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் ஒருவர் முதல் செமஸ்டரில் ஒரேயொரு பாடம் மட்டும் எடுத்துவிட்டுப் பொறுத்திருப்பது புத்தி.

2025 ஜூலை முதல் பிராக் கொடுப்பனவு ஒன்று வந்திருக்கிறது. பிராக்டிக்கம் செய்யும் வாரங்களுக்கு, தொடங்கியபோது வாரம் ஏறத்தாழ 330 டொலர். வருமான நிபந்தனை உண்டு, ஆனாலும் விண்ணப்பித்துப் பாருங்கள்.

பிராக்டிக்கம்

இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 80 நாள் பிராக். அதில் ஒரு பங்கு கட்டாயமாக மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு. போவதற்கு முன் வேர்க்கிங் வித் சில்ட்ரன் செக் என்ற பின்னணிச் சோதனை, சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி, முதலுதவிச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு எல்லாம் ஒரே போல்டரில் இருக்கட்டும். அந்தச் சோதனை ஐந்து வருடத்துக்குச் செல்லும். காலாவதித் திகதியைக் கலண்டரில் எழுதி வையுங்கள்.

மாணவிகள் முகத்தைச் சுளிப்பது பேபி ரூமுக்கு அனுப்பும்போதுதான். "டிகிரி படிச்சிட்டு நாப்பி மாத்தவா?" என்று என் முகத்துக்கு நேரேயே கேட்டவர்கள் உண்டு. கேளுங்கள், பிராக் மாணவியைப் பற்றி நான் முதலில் குறித்துக்கொள்வது அந்த நாப்பி மேசையில்தான். கை கழுவி, மெத்தையில் கடதாசி விரித்து, கையுறை போட்டு, ஒரு கை எப்போதும் பிள்ளையின் மேல் இருக்க மாற்றி, பிள்ளையின் கையையும் கழுவி, மெத்தையைத் துடைத்து, மீண்டும் கை கழுவுவது எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. நான் பார்ப்பது அதற்கு நடுவில் நடப்பதை. பிள்ளையைப் பின்னாலிருந்து சட்டென்று தூக்குகிறாளா, முன்னால் வந்து குனிந்து, "இப்ப உங்களைத் தூக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு ஒரு விநாடி காத்திருக்கிறாளா? காத்திருந்தால் எட்டு மாதப் பிள்ளையே கையை நீட்டும். "காலைத் தூக்குங்கோ" என்றால் தூக்கும். புடாபெஸ்டில் எமி பிக்லர் என்ற பிள்ளை மருத்துவர் 1946இல் தொடங்கிய லோட்சி குழந்தைகள் இல்லத்தின் அடிப்படையே இதுதான்: உடுப்பு மாற்றுவதும் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அவசரமாக முடிக்கும் வேலைகள் அல்ல, பிள்ளையோடு முழுக்க இருக்கும் நேரம். நம் அம்மம்மாமார் கால் மேல் கிடத்தி எண்ணெய் வைத்துக் கதைத்துக் கதைத்துக் குளிப்பாட்டியதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அசைன்மென்டில் எழுதும்போது பிக்லரை மேற்கோள் காட்டுங்கள், மேசையில் நிற்கும்போது அம்மம்மாவை நினையுங்கள்.

இன்னொன்று. உங்கள் சொந்தப் போனில் பிள்ளைகளைப் படமெடுக்காதீர்கள், அசைன்மென்டுக்கு என்றாலும் கூடாது. போனை லொக்கரில் வைத்துவிட்டே அறைக்குள் போங்கள்.

பார்த்து எழுதுவது

இந்தப் பட்டத்தில் மதிப்பெண் போவதும் வருவதும் இதில்தான். ஊரில் நாங்கள் படித்த விதத்தில் பிள்ளை என்ன செய்தது என்பதை எழுதுவதில்லை, பிள்ளை கெட்டிக்காரியா குழப்படியா என்றுதான் எழுதுவோம். இங்கே அது செல்லாது.

ஒரு மாணவி எனக்குக் காட்டிய முதல் குறிப்பு: "க. இன்று தண்ணீரில் மிகவும் சந்தோஷமாக விளையாடினான். அவனுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை." இதில் அவள் கண்டது ஒன்றுமே இல்லை. "நீ என்ன கண்டாய், அதைச் சொல்லு" என்று கேட்டுக் கேட்டு எழுதவைத்தது இது:

"க. (2 வயது 7 மாதம்) தண்ணீர்த் தொட்டி அருகில் நின்றான். இடது கையில் வாய் சிறுத்த போத்தல், வலது கையில் கோப்பை. கோப்பையைச் சரித்தபோது தண்ணீர் போத்தலின் வெளிப்பக்கத்தால் வழிந்தது. 'நோ' என்றான். மீண்டும் ஊற்றினான், மீண்டும் வழிந்தது. கோப்பையை வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த பிள்ளையின் புனலைப் பார்த்தபடி நின்றான். அவள் அதைக் கீழே வைத்ததும் எடுத்துப் போத்தலில் செருகி ஊற்றினான். தண்ணீர் உள்ளே போனது. போத்தலை உயர்த்தி என்னைப் பார்த்தான்."

இப்போது பேசுவதற்கு விஷயம் இருக்கிறது. ஒரே வழியில் இரண்டு முறை முயன்றான், சரிவரவில்லை என்று கண்டான், இன்னொரு பிள்ளை செய்வதைப் பார்த்து வழியை மாற்றினான். பறிக்கவில்லை, அவள் வைக்கும் வரை நின்றான். இதை ஈ.வை.எல்.எஃப். என்ற தேசியக் கற்றல் சட்டகத்தின் நான்காவது விளைவோடு, அதாவது தன்னம்பிக்கையோடு ஈடுபட்டுக் கற்பவர் என்பதோடு இணைக்கலாம். பார்த்துக் கற்றதை, பிள்ளை மற்றவர்களோடு சேர்ந்தே கற்கிறது என்று சொன்ன உளவியலாளர் வைகொட்ஸ்கியோடு இணைக்கலாம். பிறகு "அடுத்து என்ன?" என்ற பகுதி. "இன்னும் தண்ணீர் விளையாட்டு கொடுப்பேன்" என்று எழுதினால் அரை மதிப்பெண். வெவ்வேறு அளவுப் புனல்கள், ஒளி ஊடுருவும் குழாய், ஓட்டை உள்ள ஒரு போத்தல் ஆகியவற்றை வைத்து, அவன் எதை எடுக்கிறான் என்று பார்ப்பேன் என்று எழுதுங்கள்.

சந்தோஷம், கோபம், வெட்கம் போன்ற சொற்களை முதல் பகுதியில் எழுதாதீர்கள். சிரித்தான், காலை உதைத்தான், மேசைக்குக் கீழே போனான் என்று எழுதுங்கள். நியூசிலாந்தில் மார்கரெட் கார் உருவாக்கிய கற்றல் கதை முறையில் பிள்ளையோடு பேசுவது போல எழுதலாம், அது வேறு வகை. எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று அசைன்மென்டின் மதிப்பீட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

கட்டுரைகள்

பியாஜே, வைகொட்ஸ்கி, ப்ரொன்பென்ப்ரெனர், இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்து மலகுட்சி என்று பிள்ளைகளின் வளர்ச்சி, கல்வி பற்றி எழுதியவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். பயப்பட வேண்டாம், நாலு வருடமும் இதே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வைத்து, உங்கள் அறையில் கண்ட ஒரு சம்பவத்தைக் கீழே எழுதிக்கொண்டே போங்கள். மனப்பாடம் செய்து அப்படியே எழுதுவது நமக்குக் கைவந்த பழக்கம், இங்கே அது களவு என்று ஆகிவிடும். வாசித்ததை மூடிவைத்துவிட்டு, தங்கச்சிக்குச் சொல்வது போலத் தமிழில் ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். வாக்கியம் உங்களுடையதாக வரும். ஏ.பி.ஏ. முறையில் மேற்கோள் போடுவதைப் பல்கலைக்கழக நூலகத்தார் இலவசமாகச் சொல்லித்தருவார்கள், முதல் வாரமே போங்கள்.

பழங்குடி மக்களின் பார்வைகள் பற்றி ஒரு பாடம் நிச்சயம் வரும். மேற்கு சிட்னியில் நாம் குடியிருப்பது தாருக் மக்களின் நிலம். நிலத்துக்கு உரியவர்களை மதித்துச் சொல்லும் சம்பிரதாய வசனத்தோடு நிறுத்தாமல், உங்கள் பகுதியில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நிலத்தையும் மொழியையும் இழப்பது என்னவென்று நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தப் பாடத்தில் நம் பிள்ளைகள் நன்றாகச் செய்வதைக் கண்டிருக்கிறேன்.

வீட்டுமொழியைப் பற்றியும் ஒன்று. சட்டகமே வீட்டுமொழியைப் பேணச் சொல்கிறது. அழும் தமிழ்ப் பிள்ளையிடம் தமிழில் கதைக்கத் தயங்காதீர்கள், யாராவது மறித்தால் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

முடித்த பிறகு

ஆசிரியர்களை அங்கீகரிக்கும் மாநில அமைப்பான நெசாவில் பதிந்து தற்காலிக அங்கீகாரம் எடுக்க வேண்டும். பிறகு முழுநேரம் என்றால் மூன்று வருடத்துக்குள், பகுதிநேரம் என்றால் ஐந்து வருடத்துக்குள் ப்ரொபிஷியன்ட் என்ற தேர்ச்சி நிலைக்குச் சான்றுகள் காட்ட வேண்டும். சான்றுகள் என்பது நீங்கள் எப்படியும் எழுதும் குறிப்புகளும் திட்டங்களும்தான். முதல் நாளிலிருந்தே, பிள்ளைகளின் பெயரை மறைத்து, பிரதி எடுத்து வையுங்கள்.

நேர்முகத்துக்குப் போகும்போது சம்பளத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள். திட்டமிடும் ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 2 மணித்தியாலம் பிள்ளைகள் இல்லாத நேரம் தர வேண்டும் என்பது சம்பள ஒழுங்கிலேயே இருக்கிறது. அது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, அந்த நேரம் அறையில் உங்களுக்குப் பதிலாக யார் நிற்பார் என்று கேளுங்கள். "ஆள் இருக்கிறதைப் பொறுத்து" என்று பதில் வந்தால், அடுத்த நிலையத்து நேர்முகத்தையும் கான்சல் பண்ணாமல் வைத்திருங்கள்.