எலுமிச்சை கோழி சூப் ஏன் திரிந்துபோகிறது?

கிரேக்க வீடுகளில் குளிருக்கும் காய்ச்சலுக்கும் வைக்கிற கோழி சூப்புக்கு அவ்கொலேமொனோ என்று பெயர். கோழி வெந்த சாறு, அதில் குழைந்த அரிசி, கடைசியில் அடித்த முட்டையும் எலுமிச்சைச் சாறும். அவ்வளவுதான். வேலூரில் இதற்காக எந்தப் பொருளையும் தேடி அலைய வேண்டாம். கோழிக்கடையும் நேதாஜி மார்க்கெட்டும் போதும். சிக்கல் பொருளில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. எந்தக் குழம்பையும் தளதளவென்று கொதிக்க விட்டு இறக்கினால்தான் நமக்குச் சமைத்த திருப்தி. இந்த சூப்பில் முக்கியமான வேலையே அடுப்பை அணைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

முதலில் முட்டை. பத்தில் எட்டு பேர் கோட்டை விடுவது இங்கேதான் என்று தாராளமாகச் சொல்லலாம். வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே இறுக ஆரம்பிக்கும். மஞ்சள் கரு 65-லிருந்து 70-க்குள் கெட்டிப்படும். கொதிக்கிற சாறோ 100 டிகிரி. அதில் முட்டையை ஊற்றினால், விழுந்த இடத்திலேயே வெந்து நூல் நூலாகப் பிரிந்துவிடும். ஃபாஸ்ட் ஃபுட் கடைகளில் ஸ்வீட்கார்ன் சூப்புக்கு வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள், அந்த சூப்புக்கு அது சரி. இதில் நூல் தெரிந்தால் சூப் கெட்டது என்று அர்த்தம்.

மோர்க்குழம்பு வைப்பவர்களுக்கு இது புதிதில்லை. நுரை கட்டும்போதே இறக்கிவிடுகிறோம். கொதிக்க விட்டால் தண்ணீர் வேறு திப்பி வேறாகத் திரிந்து நிற்கும். அது திரியாமல் இருக்கத்தான் பருப்பையும் அரிசியையும் ஊறவைத்து அரைத்து விடுகிறோம். இங்கே அந்தக் காவல் வேலையைச் செய்வது சாறில் கரைந்திருக்கும் அரிசியின் மாவுச்சத்து. ஆனாலும் அதை மட்டும் நம்பி முட்டையைக் கொட்டிவிட முடியாது. முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டுக்குப் பழக்க வேண்டும்.

எப்படி என்றால், அரிசி குழைந்ததும் அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். ஒன்றரை லிட்டர் சாறுக்கு மூன்று முட்டை கணக்கு. அகலமான கிண்ணத்தில் உடைத்து ஊற்றி, வெள்ளையும் மஞ்சளும் தனித்தனியாகத் தெரியாத அளவுக்கு நுரைக்க அடியுங்கள். அப்புறம் எலுமிச்சைச் சாறை விட்டு இன்னொரு முறை அடியுங்கள். இப்போது ஒரு கரண்டி சூடான சாறை ஒரு கையால் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே, இன்னொரு கையால் நிறுத்தாமல் அடிக்க வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது கிண்ணம் வழுக்கிக்கொண்டு ஓடும். அடியில் ஒரு ஈரத்துணியைப் போட்டுக்கொண்டால் நகராது. முதல் கரண்டிக்குத்தான் இவ்வளவு நிதானம். அடுத்தடுத்த கரண்டிகளைக் கொஞ்சம் தாராளமாகவே விடலாம். மூன்று நான்கு கரண்டி போனதும் கிண்ணத்தை வெளியே தொட்டுப் பாருங்கள், நன்றாகச் சுட வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு கரண்டி. பிறகு கிண்ணத்தில் இருப்பதைப் பாத்திரத்தில் ஊற்றிக் கிளறிவிடுங்கள்.

இதில் நேர்மாறான தவறும் உண்டு. திரிந்துவிடும் என்ற பயத்தில் சாறை நன்றாக ஆறவிட்டு முட்டையைக் கலந்தால், முட்டை வேகாமல் பச்சை வாசத்தோடு நிற்கும், சூப்பும் நீர்த்தே இருக்கும். உடம்பு சரியில்லாதவருக்குக் கொடுப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். முட்டை கலந்த பதார்த்தம் 71 டிகிரியைத் தொட்டால்தான் வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமியைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கலாம். ஆகவே எல்லாம் கலந்த பிறகு அடுப்பை மிகச் சிறிய தீயில் வைத்து, அடியோடு கிளறிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் சூடாக்குங்கள். ஆவி பறக்க வேண்டும், குமிழி வரக் கூடாது. கரண்டியின் முதுகில் மெல்லிசாகப் படிந்தால் இறக்கிவிடலாம்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை அப்படியே உடைக்காதீர்கள், சில்லிப்பு போகட்டும். சித்திரை, வைகாசியில் வேலூர் அடுப்படிக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. கிரேக்கப் பாட்டிமார் முட்டையை ஊற்றும்போது வாயால் முத்தச் சத்தம் எழுப்புவார்கள், அப்படிச் செய்தால் திரியாது என்பது அவர்கள் நம்பிக்கை. நம்பிக்கை எப்படியோ, முத்தமிட்டுக்கொண்டே யாராலும் அவசரமாக ஊற்ற முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு திரிந்துவிட்டால் கொட்ட வேண்டாம். கோழித் துண்டுகளைத் தனியே எடுத்துவிட்டு, சூப் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினால் ஓரளவு வழவழப்பு திரும்பும். கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் ஊற்றினால் மூடி தெறிக்கும், முகத்துக்கு ஆபத்து.

அரிசியில் நடக்கும் தவறு வேறு. நம் வீடுகளில் கைக்குக் கிடைப்பது புழுங்கலரிசி. நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்து காய்ந்தது என்பதால் அதன் மாவுச்சத்து இறுகியிருக்கும், பருக்கை பருக்கையாக நிற்குமே தவிர சாறுக்குக் கெட்டி தராது. பாஸ்மதியும் உதவாது. கிரேக்கர்கள் குட்டையான, குழையக்கூடிய அரிசியையோ, அரிசி வடிவத்தில் இருக்கும் ஒரு பாஸ்தாவையோ போடுகிறார்கள். நமக்குப் பச்சரிசி நொய் கச்சிதம். ஆம்பூர் பிரியாணிக்கு வாங்கிய சீரகச் சம்பா மிச்சம் இருந்தால் போடலாம்தான், ஆனால் அந்த விலைக்கும் வாசத்துக்கும் இது வீண். அரிசியை ஒரு தண்ணீரில் அலசினால் போதும். நாலைந்து முறை கழுவினால் நமக்கு வேண்டிய மாவே போய்விடும். ஒன்றரை லிட்டருக்கு அரை டம்ளர். ‘போதாதே’ என்று கை கூசாமல் ஒரு டம்ளர் போட்டால் கிடைப்பது பொங்கல்.

வெளுத்த, வழவழப்பான நிறத்தைப் படத்தில் பார்த்துவிட்டுப் பால் அல்லது ஃப்ரெஷ் க்ரீம் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எலுமிச்சை பட்டால் பால் திரியும் என்பது பன்னீர் எடுத்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். கார்ன்ஃப்ளவரும் வேண்டாம். அது கெட்டியாக்கும், ஆனால் நாக்கில் பசை மாதிரி ஒட்டும்.

அடுத்தது எலுமிச்சை. கிரேக்கத்தில் கிடைப்பது தடித்த தோலோடு பெரிதாக இருக்கும் வகை. நம் ஊர்ப் பழம் சின்னது, மெல்லிய தோல், வாசம் தூக்கல். அதனால் ‘இரண்டு எலுமிச்சை’ என்ற அவர்கள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பழத்தை எண்ணாமல் சாறை அளந்து ஊற்றுங்கள். ஒன்றரை லிட்டருக்கு 60 மில்லி, அதாவது நாலு டேபிள் ஸ்பூன், ஒரு நல்ல தொடக்கம். முட்டையோடு மூன்று ஸ்பூன் சேர்த்து, கடைசியாக ருசி பார்த்து நாலாவதை விடலாம். பச்சையாக இருக்கும் காயைத் தவிர்த்து, மஞ்சளாகப் பழுத்ததாகப் பொறுக்குங்கள். பிழிகிற கருவியில் கடைசிச் சொட்டு வரை நசுக்கினால் தோலின் கசப்பும் இறங்கும். விதையை வடிகட்டிவிடுங்கள். காலையிலேயே பிழிந்து வைத்தாலும் கசக்கும், அடிக்கப்போகும்போது பிழிந்தால் போதும். சாறை முதலிலேயே கோழியோடு கொதிக்கவிட்டால் வாசம் எல்லாம் ஆவியோடு போய், வெறும் புளிப்புதான் மிஞ்சும்.

பாத்திரமும் முக்கியம். மருத்துவமனைக்கு வந்தவர்கள் தோட்டப்பாளையம், பாபுராவ் தெருப் பக்கம் அறை எடுத்து, கிடைத்த அலுமினியப் பாத்திரத்தில் பொங்கிச் சாப்பிடுவதைப் பார்க்கிறோம். அலுமினியத்தில் எலுமிச்சையும் முட்டையும் சேர்ந்தால் நிறம் மங்கி, உலோக ருசி ஏறும். எவர்சில்வர் போதும், அடி கனமாக இருந்தால் நல்லது. தண்ணீரும் அப்படித்தான். போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற தெருக்களில் சாறுக்கு மட்டுமாவது கேன் தண்ணீர் ஊற்றுங்கள். எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் அந்தக் கரிப்பு மறையாது.

கோழிக்கடையில் எதுவும் சொல்லாமல் நின்றால் தோலை உரித்து, குழம்புக்கு வெட்டுவதுபோல் பொடிப்பொடியாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். சூப்புக்கு அது ஆகாது, எலும்புச் சில்லு எல்லாம் சாறில் இறங்கும். காலைத் தொடையோடு முழுசாக, முதுகும் கழுத்தும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். ஒரு கிலோவுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பிராய்லர் என்றால் மிதமான தீயில் முக்கால் மணி நேரம். நாட்டுக்கோழிக்குக் குக்கர் வைக்கலாம், ருசியும் அதில்தான் அதிகம். வெந்ததும் கறியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, சாறை வடிகட்டி, அரிசியை அந்தச் சாறில் வேகவிடுங்கள். அரிசியையும் கோழியோடு சேர்த்துக் குக்கரில் அடைத்தால் கஞ்சிதான்.

கை அரிப்புதான் இங்கே பெரிய எதிரி. கோழி என்றாலே இஞ்சி பூண்டு விழுதும் மஞ்சள் தூளும் தானாகப் போய் விழும். தள்ளுவண்டி சூப்பின் காரத்துக்குப் பழகிய நாக்கு வேறு, ‘இதில் என்ன இருக்கிறது’ என்று கேட்கும். ஒரு வெங்காயம், ஒரு கேரட், நாலு மிளகு, அதற்கு மேல் போடாதீர்கள். கிரேக்கர்கள் போடும் பே லீஃப் என்ற இலைக்குப் பதிலாக நம் பிரிஞ்சி இலையையும் போட வேண்டாம், அது வேறு மரம், பட்டை வாசம் அடிக்கும். கொத்தமல்லித் தழை தூவினால் எலுமிச்சை பின்னால் போய்விடும். காரம் வேண்டுமென்றால் தட்டில் ஊற்றிய பிறகு மிளகை இடித்துத் தூவிக்கொள்ளுங்கள். உப்பைப் பாதி மட்டும் முதலில் போட்டு, மீதியை எலுமிச்சை சேர்த்த பிறகு சரிபார்க்க வேண்டும். புளிப்பு ஏறினால் உப்பின் கணக்கே மாறும்.

மிச்சம் வைப்பதில் கடைசித் தவறு. மொத்தப் பாத்திரத்திலும் முட்டையைக் கலந்துவிட்டு, இரவு திரும்பக் கொதிக்கவைத்தால் அத்தனையும் திரியும். நடுவில் அரிசி வேறு சாறைக் குடித்து ஊதியிருக்கும். எத்தனை பேர் இப்போது சாப்பிடுகிறார்களோ அவ்வளவுக்கு மட்டும் அரிசியும் முட்டையும் சேருங்கள். மீதிச் சாறை வெறுமனே ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடுங்கள், நம் ஊர் வெயிலில் வெளியே விட்டால் கெட்டுவிடும். மறுநாள் வேண்டும்போது கொதிக்கவைத்து, புதிதாக ஒரு முட்டையும் ஒரு பழமும். அதுவும் வேண்டாம் என்று தோன்றினால் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கோழி ரசமாக இறக்குங்கள். அதைத் தாராளமாகக் கொதிக்க விடலாம்.