பை பேட்டர்ன் எழுதுகிறவர்கள் விட்டுவிடும் வரிகள்

நான் முதன்முதலில் எழுதிக் கொடுத்த பேட்டர்னை (துணி வெட்டும் வரைபடமும் தையல் குறிப்பும்) வைத்துப் பை தைத்த பக்கத்து வீட்டு அக்கா, மறுநாள் கையில் ஏதோ தலையணை உறை போன்ற ஒன்றோடு வந்து நின்றார். நான் எழுதியபடியே லைனிங்கையும் வெளித்துணியையும் சேர்த்துச் சுற்றிலும் தைத்திருந்தார். நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்ப வழியில்லை. "லைனிங்கின் அடியில் ஐந்து இஞ்ச் தைக்காமல் விடவும்" என்ற வரியை நான் எழுதவே இல்லை. என் கை தானாகச் செய்கிற வேலை அது. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை.

சட்டை என்றால் நடுவில் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பையைக் கடைசிவரை உள்வெளியாகவே தைக்கிறோம். திருப்பிப் பார்த்துத் தவறு தெரியும்போது ஜிப், பக்ரம் (விறைப்புக்கு வைக்கும் துணி), லைனிங் எல்லாம் உள்ளே பூட்டிக்கொண்டிருக்கும்.

அதிகம் குழப்புவது, தையலுக்கு எவ்வளவு துணி விட வேண்டும் என்று சொல்லாமல் விடுவது. அமெரிக்க ஆடைப் பேட்டர்ன்களில் பெரும்பாலும் 5/8 இஞ்ச் விடுவார்கள். குவில்ட் (துண்டுத்துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைக்கிறவர்கள் கால் இஞ்ச். நீங்கள் சொல்லாவிட்டால் அவரவர் தமக்குப் பழகியதை விடுவார்கள். பையின் அடி பெட்டிபோல நிற்பதற்கு இரண்டு துண்டுகளிலும் கீழ்மூலைகளில் சதுரம் வெட்டுவோம் இல்லையா? "2 இஞ்ச் சதுரம் வெட்டவும்" என்கிறீர்கள். எங்கிருந்து அளப்பது? துணி விளிம்பிலிருந்து அளந்து, அரை இஞ்ச் விட்டுத் தைத்தால் அடி அகலம் 3 இஞ்ச். அதே சதுரத்தில் கால் இஞ்ச் விட்டால் மூன்றரை. தையல் கோட்டிலிருந்து அளந்தால் 4. மூன்று பேர் மூன்று பை தைப்பார்கள். உங்கள் மனதில் இருந்த டிபன் பாக்ஸ் அவற்றில் ஒன்றில்தான் நிற்கும். "விளிம்பிலிருந்து" என்ற ஒரே சொல்லும் தையலுக்கு விடும் அளவும் எழுதியிருந்தால் போதும்.

"2 வெட்டவும்" என்பதும் இதே ரகம். துணியை இரண்டாக மடித்து, மடிப்பில் வைத்து வெட்டுவதா, தனித்தனியாகவா? மடிப்பு விளிம்பைப் பேட்டர்னிலேயே குறித்துவிடுங்கள். அடிப்பக்கத்தில் மடிப்பு வரும்படி ஒரே துண்டாக வெட்டுகிற பையாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். துணியில் யானைப் படம் இருந்தால் ஒரு பக்கத்து யானைகள் தலைகீழாக நிற்கும். யானைகள் பொறுத்துக்கொள்ளலாம், வாங்குகிறவர் பொறுக்கமாட்டார்.

"28 இஞ்ச் வார்" என்றால் வெட்டும் நீளமா, தைத்து முடித்த பின் தெரியும் நீளமா என்பதையும் எழுத வேண்டும். அச்செடுக்கும் பேட்டர்ன் என்றால் முதல் பக்கத்தில் 5 செ.மீ. சதுரம் ஒன்று இருக்கட்டும். பிரிண்டரில் பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், அந்தச் சதுரத்தின் மேல் ஸ்கேலை வைத்ததுமே தெரிந்துவிடும். இல்லையென்றால் ஜிப் பொருந்தாதபோதுதான் தெரியும்.

ஜிப் என்றதும் ஒன்று: கடைசிச் சுற்றுத் தையலுக்கு முன் "ஜிப்பைப் பாதி திறந்து வைக்கவும்" என்று தனி வரியாக எழுதுங்கள். மூடிய ஜிப்போடு தைத்துவிட்டால், லைனிங்கில் இடைவெளி விட்டிருந்தாலும் வெளித்துணி அதன் வழியே திரும்பி வராது.

இப்போதெல்லாம் புதுப் பேட்டர்ன் எழுதினால் அக்காவிடம் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு. சென்ற வாரம் ஏழு கோடுகள். அவற்றில் மூன்று, வார் தைக்கும் பத்தியில்.