நேர்காணல் குறிப்புகளைச் சீட்டுகளாக்கித் தொகுத்தல்: தொடக்கநிலையாளருக்கான கேஜே முறை

பத்துப் பேரை நேர்காணல் செய்து முடித்ததும் பக்கம் பக்கமாக எழுத்துப்படி சேர்ந்துவிடும். அதில் எங்கே கைவைப்பது என்பதுதான் விளங்காது. ஜப்பானிய மானிடவியலாளர் கவாகிதா ஜிரோ (1920–2009), நேபாள மலைக் கிராமங்களில் கள ஆய்வு செய்தவர். இப்படிக் குவியும் குறிப்புகளை ஒழுங்குபடுத்த அவர் 1960களில் வகுத்த வழிக்கு அவருடைய பெயரின் ஆங்கில முதலெழுத்துகளே (K, J) பெயராக அமைந்து, கேஜே முறை என்று வழங்குகிறது. வடிவமைப்புக் குழுக்கள் இன்று சுவரில் சீட்டு ஒட்டிச் செய்யும் வேலைக்கு மூலம் இதுதான்.

தேவையானவை: ஒட்டும் சீட்டுகள், தடித்த முனையுள்ள பேனா, ஒரு வெற்றுச் சுவர், மூன்று அல்லது நான்கு பேர். மெல்லிய பேனா வேண்டாம். இரண்டடி தள்ளி நின்றால் அந்த எழுத்தைப் படிக்க முடியாது.

ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் டோக்கன் முறையைச் சீரமைக்க நோயாளிகளிடம் பேசியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை சீட்டு எழுதுவது. ஒரு சீட்டில் ஒரு செய்தி மட்டுமே இருக்க வேண்டும், அதுவும் முழு வாக்கியமாக. “காத்திருப்பு” என்று மட்டும் எழுதினால் மறுநாள் உங்களுக்கே பொருள் புரியாது. “தண்ணீர் குடிக்கப் போனபோது என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்” என்று, சொன்னவரின் பேச்சு மணம் கெடாமல் எழுதுங்கள். சீட்டின் மூலையில் அவருடைய பெயருக்குப் பதிலாக நேர்காணல் எண்ணைக் குறியுங்கள். முதல் முயற்சிக்கு அறுபது, எழுபது சீட்டுகள் போதும்.

பிறகு சீட்டுகளை நன்றாகக் கலைத்துப் பரப்பி, எல்லோரும் எல்லாவற்றையும் ஒருமுறை படிக்க வேண்டும். கலைக்காவிட்டால் ஒருவர் சொன்னவை அடுத்தடுத்தே கிடந்து, தனி மனிதரின் கதையாகவே நின்றுவிடும்.

அடுத்தது தொகுத்தல், தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். “ஊழியர்கள்”, “வசதிகள்”, “நேரம்” என்று தலைப்புகளை முன்கூட்டியே ஒட்டிவிட்டு அவற்றின் கீழ்ச் சீட்டுகளை அடுக்கினால், வீட்டிலிருந்தே கொண்டுவந்த எண்ணங்களைத்தான் திருப்பி எடுத்துப் போவீர்கள். இப்படிச் செய்யக் கூடாது என்பதைத்தான் கவாகிதா மிகவும் வற்புறுத்தினார். ஒன்றோடொன்று நெருங்கியவை என்று தோன்றும் இரண்டு மூன்று சீட்டுகளை அருகருகே வையுங்கள். காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம். இந்தக் கட்டத்தில் குழுவினர் பேசாமல் இருப்பது நல்லது, ஏனெனில் பேசத் தொடங்கினால் மூத்தவரின் கருத்தே சுவர் முழுதும் நிறைந்துவிடும். ஒரே சீட்டை இருவர் மாறி மாறி நகர்த்தினால், அதற்கு ஒரு படி எடுத்து இரண்டு இடத்திலும் ஒட்டுங்கள். எதிலும் சேராத சீட்டை வலிந்து சேர்க்காதீர்கள், தனியாகவே இருக்கட்டும்.

இப்போது பேசலாம். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தலைப்பு வாக்கியம் தேவை. “காத்திருப்புச் சிக்கல்கள்” என்பது வெறும் பெட்டியின் பெயர். “முறை தவறிவிடும் என்ற அச்சத்தில் நோயாளிகள் இருக்கையை விட்டு எழுவதில்லை” என்பதுதான் தலைப்பு, ஏனெனில் அதை வைத்துக்கொண்டு வடிவமைப்பாளர் ஒரு முடிவுக்கு வர முடியும். அந்தத் தலைப்புகளையே சீட்டுகளாகக் கருதி மறுபடியும் தொகுத்து, பத்துக்கும் குறைவான பெருந்தொகுதிகள் வரும்வரை தொடருங்கள்.

பெருந்தொகுதிகளை ஒரு பெரிய தாளில் பரப்பி, எது எதற்குக் காரணம், எது எதோடு முரண்படுகிறது என்று கோடுகளால் இணையுங்கள். பன்னிரண்டு சீட்டுகள் கொண்ட தொகுதி மூன்று சீட்டுகள் கொண்டதைவிட முக்கியமானது என்று எண்ணிவிட வேண்டாம். இது வாக்கெடுப்பு அன்று.

கடைசியில் அந்தப் படத்தைப் பார்த்தபடி முழுதும் உரைநடையாக எழுதுங்கள். சோம்பலால் பலர் விட்டுவிடும் கட்டம் இது. படத்தில் ஒரு கோடு போட்டுக் கடந்துவிட்ட இடத்தில் எழுத்து நின்றுபோகும். அங்கே, சீட்டின் மூலையிலுள்ள எண்ணைப் பார்த்து அந்த நேர்காணலின் எழுத்துப்படியைத் திரும்பப் படியுங்கள். அதிலும் விடை இல்லையென்றால், அடுத்த நேர்காணலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.