மேப் டவுன்லோட் பண்ணியாச்சுன்னு கிளம்பிடாதீங்க: நெவாடா, கலிஃபோர்னியா கிளைம்பிங் ட்ரிப்ல பண்ற தப்புங்க

ஹம்பியிலயோ பதாமியிலயோ பாறை ஏற போறப்ப வழி தெரியலன்னா டீக்கடையில கேட்டுக்கலாம், நாம தேடற பாறையோட பேர் அவங்களுக்கு தெரியாட்டியும் "இந்த மெத்தைய முதுகுல தூக்கிட்டு போவாங்களே, அங்கயா"ன்னு கை காட்டி விட்ருவாங்க. லாஸ் வேகாஸ்ல ரெண்டல் கார் எடுத்துட்டு ரெட் ராக், பிஷப், ஜோஷுவா ட்ரீன்னு கிளைம்பிங் இடங்களை சுத்தறப்ப அது நடக்காது, சில இடத்துல அரைமணி நேரம் ஓட்டினாலும் ஈ காக்கா இருக்காது, சிக்னலும் இருக்காது. கேட்டா எல்லாருமே "மேப் டவுன்லோட் பண்ணிட்டேன் மச்சி"ம்பாங்க. நானும் அப்படி சொன்னவன்தான்.

நான் பண்ணது என்னன்னா, கூகுள் மேப்ஸ்ல வேகாஸை சுத்தி ஒரு கட்டம், பிஷப்பை சுத்தி ஒரு கட்டம் இறக்கி வச்சிருந்தேன், நடுவுல இருக்கற சுமார் 430 கிலோமீட்டரை மறந்துட்டேன். பாதி வழியில நீல புள்ளி மட்டும் வெறும் சாம்பல் கலர் கட்டத்துல நிக்குது, ரோடே இல்ல. அதனால ஊர் ஊரா இறக்காதீங்க, போற பாதை மொத்தத்தையும் இறக்குங்க. இறக்கினதோட விடாம மோட்டல்ல வைஃபை இருக்கும்போதே ஏரோப்ளேன் மோடு போட்டு, அடுத்த நாள் போற கேம்ப்கிரவுண்டை தேடி வழி வருதான்னு பாத்துடுங்க, ரெண்டு நிமிஷ வேலை. இன்னொன்னு, கூகுள் ஆஃப்லைன்ல கார் ஓட்டத்தான் வழி சொல்லும், நடக்க சொல்லாது, ஆனா நமக்கு சிக்கலே கார நிறுத்தின இடத்துல இருந்து பாறை வரைக்கும் நடக்கற அந்த அரை மணி நேரம்தான். அதுக்கு ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்அண்ட் மாதிரி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டேட்டால ஓடற ஆப் ஒண்ணு கூட வச்சுக்கங்க, ஒத்தையடிப் பாதை கூட அதுல நிறைய இருக்கும்.

சிம் இல்லன்னா ஜிபிஎஸ் வேலை செய்யாதுன்னு இன்னும் நிறைய பேர் நம்பறாங்க. செய்யும். சாட்டிலைட் எங்க இருக்குங்கற விவரத்தை போன் வழக்கமா நெட்ல இருந்து சட்டுன்னு எடுத்துக்கும், நெட் இல்லன்னா சாட்டிலைட்டே அனுப்பறத கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும், அதுக்கு முப்பது செகண்டாவது ஆகும், சில சமயம் நிமிஷக்கணக்குலயும் ஆகும். வானம் தெரியற இடத்துல போனை வச்சுட்டு சும்மா நில்லுங்க, பதட்டத்துல ரீஸ்டார்ட் பண்ணி பண்ணி திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்க வைக்காதீங்க.

அடுத்தது கோ-ஆர்டினேட், இதுல ஏமாறாத ஆளே இல்ல. கைடுபுக்ல 37 டிகிரி 20 நிமிஷம்னு போட்டிருப்பான், நாம அவசரத்துல 37.20ன்னு அடிப்போம். 20 நிமிஷம்னா 0.33 டிகிரி, அதனால ஆப்ல 37.33ன்னு வரணும். ஒரு டிகிரிக்கு சுமார் 111 கிலோமீட்டர், அப்ப கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர் தெற்க போய் நிப்பீங்க. மேற்கு தீர்க்கரேகைக்கு மைனஸ் போட மறந்தா இன்னும் விசேஷம், -118க்கு பதிலா 118ன்னு அடிச்சா பிஷப்புக்கு பதிலா சீனாவுல ஷான்டோங் மாகாணத்தை காட்டும், அதுவாச்சும் உடனே தெரிஞ்சுடும். தெரியாம கெடுக்கறது எதுன்னா, ஆப்ல கொடுத்திருக்கற புள்ளி பல நேரம் பாறையோடது, பார்க்கிங்கோடது இல்ல. நேவிகேஷன் அந்த புள்ளிக்கு பக்கத்துல எந்த ரோடு வருதோ அங்க கொண்டு போய் விடும், அது மலைக்கு பின்பக்கமா கூட இருக்கலாம். பார்க்கிங் புள்ளிய தனியா பின் பண்ணி, பேர் வச்சு சேவ் பண்ணிடுங்க.

மேப்புக்கு ரோடு இருக்கறது தெரியும், திறந்திருக்கான்னு தெரியாது. பிஷப்ல இருந்து யோசெமிட்டி வேலிக்கு டியோகா பாஸ்ங்கற மலைக் கணவாய் வழியா மூணு மணி நேரம்னு ஆஃப்லைன்ல அழகா காட்டும். அந்த பாஸ் 3,031 மீட்டர் உயரம், வழக்கமா நவம்பர் வாக்குல பனிக்கு மூடினா மே கடைசி, ஜூன்லதான் திறப்பாங்க, 2023ல பனி அவ்ளோ கொட்டினதுல ஜூலை 22 வரைக்கும் மூடித்தான் கிடந்துச்சு. வடக்க இருக்கற சோனோரா பாஸும் குளிர்காலத்துல மூடிடும், அதனால தலைய சுத்தி மூக்கை தொடற கதையா மலைய முழுசா சுத்திக்கிட்டு போகணும், ஒரு பகலே போயிடும். கிளம்பற அன்னிக்கு காலைல வைஃபை இருக்கும்போதே கால்ட்ரான்ஸ் (கலிஃபோர்னியா அரசோட ரோடு துறை) சைட்ல ரோடு திறந்திருக்கான்னு பாத்துட்டு கிளம்புங்க.

குறுக்கு வழின்னு மேப் காட்டற மண் ரோடும் இதே மாதிரிதான். பிஷப் பக்கத்துல பட்டர்மில்க் பாறைங்களுக்கு போற ரோடு மண் ரோடுதான், உடம்பெல்லாம் உதறும், ஆனா காய்ஞ்சிருந்தா சாதா கார் மெதுவா போயிடும். ரெட் ராக்ல பிளாக் வெல்வெட் கேன்யனுக்கு ஹைவே 160ல இருந்து உள்ள போற மண் ரோட்டுல குறைஞ்ச உயர கார் அடி வாங்கும். மேப்ல ரெண்டுமே ஒரே மாதிரி கோடு. பல ரெண்டல் அக்ரிமென்ட்ல தார் இல்லாத ரோட்டுக்கு இன்சூரன்ஸே கிடையாது, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிங்க. டெத் வேலி பக்கம் ரேஞ்சருங்க "ஜிபிஎஸ் சாவு"ன்னே ஒரு பேர் வச்சிருக்காங்க, மெஷின் சொன்ன பழைய பாதையில திரும்பி, வெயில்ல தண்ணி இல்லாம மாட்டினவங்க கதைங்கள்ல இருந்து வந்த பேர். அந்த பக்கம் போனா ஹைவே 190ஐ விட்டு இறங்காதீங்க, டேங்க் பாதியானாலே நிரப்பிடுங்க.

ரெட் ராக் உள்ள இருக்கற 13 மைல் லூப் ஒன் வே. உங்க பார்க்கிங்கை தாண்டிட்டீங்கன்னா பின்னாடி வர முடியாது, முழுசா சுத்தி வெளிய வந்து மறுபடி உள்ள போகணும். அக்டோபர்ல இருந்து மே வரைக்கும் நேரம் போட்டு ரிசர்வேஷன் வேற, அந்த ரிசர்வேஷனை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க, கேட்ல போய் ஈமெயில் திறக்குமான்னு பாக்காதீங்க.

எல்லாமே ஒரே போன்ல இருக்கறதும் தப்புதான். டேஷ்போர்டு வெயில்ல போன் சூடாகி தானா ஆஃப் ஆகும், ஜோஷுவா ட்ரீ குளிர்ல சார்ஜ் சரசரன்னு இறங்கும். ரெண்டு பேர் போன்லயும் அதே மேப், அதே பின் இருக்கட்டும், ஏறப் போற ரூட்டோட டோப்போவும் (பாறையில எப்படி ஏறணும்னு காட்டற படம்) முக்கியமா இறங்கற வழியும் போட்டோவா இருக்கட்டும், ஏன்னா ரெட் ராக்ல இருக்கற எபினெஃப்ரின் மாதிரி 2,000 அடி ரூட் முடிக்கும்போது இருட்டியிருக்கும், இறங்கற பாதைதான் ஆளை அலைய விடும். காம்பஸ் எடுத்துட்டு போறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, நம்ம ஊர்ல காந்த வடக்கும் நிஜ வடக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அங்க சுமார் 12 டிகிரி கிழக்க தள்ளியிருக்கும், திருத்தாம ஒரு கிலோமீட்டர் நடந்தா 200 மீட்டர் விலகிடுவீங்க.

சிக்னல் இல்லாத இடத்துலயும் மெசேஜ் அனுப்பற கார்மின் இன்ரீச் மாதிரி சாட்டிலைட் மெசேஞ்சர் அங்க நல்ல துணை, வாடகைக்கும் கிடைக்கும். ஆனா வாங்கி ஆசையா ஊருக்கு தூக்கிட்டு வராதீங்க, இந்தியாவுல அனுமதி இல்லாம வச்சிருந்தா ஏர்போர்ட்லயே பிடிச்சு உக்கார வச்சிடுவாங்க.