ஸ்லைடு ஓடும்போது ‘பி’ (B) பட்டன்

பவர்பாயின்ட்டில் ஸ்லைடு ஷோ ஓடும்போது கீபோர்டில் ஆங்கில ‘பி’யை (B) அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும், மறுபடி அழுத்தினால் அதே ஸ்லைடு திரும்ப வரும். புரொஜெக்டரை அணைத்துப் போட வேண்டியதில்லை.

திரையில் எழுத்து இருக்கும்வரை பிள்ளைகள் அதைத்தான் படிப்பார்கள், நாம் சொல்வது காதில் ஏறாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் வரைபடத்தில் காட்டிவிட்டு, அப்புறம் திரையை மறைத்து, “இப்ப வலையில என்ன மீன் படுது?” என்று கேட்டுப் பாருங்கள். பாம்பன், மண்டபம் பிள்ளைகளிடம் சொல்ல நிறைய இருக்கும். பாடத்தின் உயிரே அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

கூகுள் ஸ்லைட்ஸ், லிப்ரே ஆபீஸிலும் இதே பட்டன்தான். பிள்ளைகள் படம் பார்த்து வரையும்போதும் குறிப்பு எழுதும்போதும் திரையை மறைக்க வேண்டாம். பாடத்தைப் பிடிஎஃப்பாகத் திறந்திருந்தால் பெரும்பாலும் இது வேலை செய்யாது.