பஸ் வீட்டில் டிவி தெரிந்த கதை

ஆஸ்திரேலியாவில் கோஸ்டர் எனும் பழைய மினி பஸ் ஒன்றை வீடாக மாற்றினோம். கூரையில் முதலில் வைத்தது எல்லாத் திசையிலும் சிக்னல் பிடிக்கும், தட்டு மாதிரியான வட்ட ஆன்டெனா. திசை பார்த்துத் திருப்ப வேண்டாமே என்ற சோம்பல்தான். சிட்னிக்குள் சரி, நகரம் தாண்டினால் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அப்புறம் கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்பி வைக்கும் லாக் பீரியாடிக் ஆன்டெனா (வரிசையாகப் பல நீளக் கம்பிகள் கொண்டது) வாங்கினேன். இங்கே விஎச்எஃப் எனும் தாழ்ந்த அலைவரிசையிலும் (174-230 மெகாஹெர்ட்ஸ்) டிவி ஒளிபரப்பு உண்டு. அதைவிட உயர்ந்த யுஎச்எஃப் அலைவரிசையை மட்டும் பிடிக்கும் ஆன்டெனா போதாது.

அதுவும் ஒரு சிற்றூரில் கைவிட்டது. எரிச்சலோடு வெளியே வந்து பக்கத்து வீட்டுக் கூரைகளைப் பார்த்தேன். எல்லா ஆன்டெனாவிலும் கம்பிகள் செங்குத்தாக நின்றன, என்னுடையதில் படுத்திருந்தன! அந்த ஊரில் சிக்னல் செங்குத்தாக வருகிறது, கம்பிகளும் அப்படியே நிற்க வேண்டும். 90 டிகிரி திருகியதும் அத்தனை சேனலும் வந்துவிட்டன. ஒளிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தினால் மட்டும், சிக்னலைக் கூட்டித் தரும் பூஸ்டரை அணைத்துவிடுகிறேன், சிக்னல் அதிகமானாலும் படம் உடையும்.